கவுஞ்சிச் சோலையின் அடித்தரை

கொடைக்கானலிலிருந்து போகும் வழியில் பூம்பாறை தாண்டியதும் பேருந்தில் சுற்றுலா வந்தவர்கள் குறைந்துவிடுகிறார்கள். மன்னவனூரில் மிச்சப்பேரும் இறங்கிவிட, கவுஞ்சிக்குப் போய்ச் சேரும்போது வண்டியில் ஊர்க்காரர்களும் அவர்களுடைய உரமூட்டைகளும்தான். இருபுறமும் படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இங்கேயும் விளைகிறது. வயல்களுக்கு மேலே கண்ணுக்கு எட்டியவரை பச்சை.

அந்தப் பச்சையில் பெரும்பகுதி இந்த மலைக்குச் சொந்தமானதல்ல. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரத்தையும், கூழுக்கும் விறகுக்கும் தைலமரத்தையும் பைனையும் அரசே மலை மலையாக நட்டது. 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. கவுஞ்சியும் அடங்கிய பழனி மலையின் மேற்பகுதியில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இல்லை என்கிறது அது. எனவே வாட்டிலை வெட்டுகிறார்கள் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதான். நானும் அந்தச் சந்தோஷத்தோடுதான் போனேன்.

பச்சிலை தெரிந்த ஒரு பெரியவர் என்னைச் சோலைக்குள் கூட்டிப்போனார். உள்ளே வைத்த காலடி சத்தமில்லாமல் இலைச்சருகில் புதைந்தது. சருகை விலக்கினால் கறுப்பு மண், பிடித்தால் கையில் ஈரம். ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்: மரத்தைப் பற்றி ஏறும் மஞ்சிட்டிக் கொடி, ஓரத்தில் முள்ளோடு நிற்கும் ஊசிக்களா, கசிவுநீர் ஓடும் இடத்தில் வல்லாரை. மஞ்சிட்டியின் சிவந்த வேரை நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த குச்சியாகத்தான் நம்மில் பலர் பார்த்திருப்போம். தோல் நோய்க்கும் ரத்தசுத்திக்கும் சித்த மருத்துவத்தில் சேர்ப்பார்கள். கசக்கினால் வலித்தைல வாசனை அடிக்கும் கால்தீரியாவும் இந்த மலையின் செடிதான். கொடைக்கானல் கடைகளில் அடுக்கியிருக்கும் விண்டர்கிரீன் தைலத்தின் மூலச்செடி அது.

சோலையை ஒட்டி, வாட்டிலை மொத்தமாக வெட்டிய சரிவு ஒன்று இருந்தது. "இங்கேயும் மஞ்சிட்டி எடுப்போம் சார். வெட்டு முடிஞ்சு மூணு மழை பாத்தாச்சு, கொடி தலைகாட்டலை" என்றார் பெரியவர். மரங்களை இழுத்துப் போன தடம் வாய்க்காலாக மாறியிருந்தது. மண் கெட்டித்துப் போயிருந்தது. தரை முழுக்க விரலளவு வாட்டில் கன்றுகள், நாற்றங்காலில் விதைத்த மாதிரி.

வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மண் கிளறப்பட்டு வெயில் பட்டால் போதும், கூட்டமாக முளைத்துவிடும். சோலையின் அடித்தரைச் செடிகளுக்கு அந்த வேகம் கிடையாது. இலைவழி வடிந்து வரும் கொஞ்ச வெளிச்சத்துக்கும் ஈரக்காற்றுக்கும் பழகியவை அவை. மேலே கூரை போனதும் பகலில் நேர்வெயில் சருகைக் காயவைக்கிறது; மார்கழி, தை இரவுகளில் உறைபனி நேராகத் தரையில் இறங்குகிறது. அந்தச் செடிகள் ஒடுங்கும் இடத்தில் வாட்டில் கன்றும், அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த களைகளும் பிடித்துக்கொள்கின்றன.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் வெட்டியபின் தரைச்செடிகள் திரும்புகின்றனவா என்பதைத்தான் டஃபி, மையர் என்ற இருவர் ஆராய்ந்து 1992-ல் எழுதினார்கள். முழுவெட்டு நடந்து 45 முதல் 87 ஆண்டுகள் ஆன காடுகளைப் பழங்காடுகளோடு ஒப்பிட்டார்கள். மரங்கள் வளர்ந்து நின்றன. தரைச்செடிகளோ பழைய அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை. அவர்களுடைய முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் மரம் வளர்ந்துவிட்டால் காடு திரும்பிவிட்டது என்று கணக்கை முடித்துவிட முடியாது என்பதைக் கவுஞ்சிச் சரிவில் நின்றபோது நான் சந்தேகமில்லாமல் உணர்ந்தேன்.

கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் சோலை ஓரத்து முழுவெட்டைப் பற்றி முன்பே சொன்னார்கள். சோலையை ஒட்டிய பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருவதை அவர்கள் பார்த்தார்கள். அங்கே முழுவெட்டு வேண்டாம் என்று வாதாடினார்கள். அயல்மரத்தின் நிழலில் நம் சோலை வளர்கிறது என்பதை ஏற்க மனம் கொஞ்சம் தயங்கும். ஆனாலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. புல்வெளியில் ஏறிய வாட்டிலின் கதை வேறு. புல்லோடு வாழும் செடிகளை அந்த நிழலே கொல்கிறது. அங்கே வெட்டத்தான் வேண்டும், கன்று முளைக்க முளைக்கப் பிடுங்கவும் வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே உத்தரவு போடுவதுதான் தவறு.

அயல்மரங்களை அகற்றச் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழக அரசும் 2022-ல் அந்நியத் தாவரங்கள் குறித்து ஒரு கொள்கையே வெளியிட்டது. வெட்டு வேலை இனி வேகமெடுக்கும். வெட்டும் மரத்துக்கான கூப்பு ஏலத்தில் எத்தனை மரம், எத்தனை டன் என்பதற்குத்தான் கணக்கு. அடியில் என்ன முளைத்திருக்கிறது என்பதற்கும் அதே தாளில் ஒரு பத்தி வேண்டும். பார்த்து எழுத நூலும் இருக்கிறது: பாதிரியார் கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களை மூன்று தொகுதிகளாக 1999-லேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வனத்துறையினரிடம் கேட்பது இதுதான்: சோலை ஓரத்தில் மொத்தமாக வெட்டாதீர்கள், ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கலைத்து எடுங்கள். மரத்துக்குக் குறி போடும் நாளில், வேர் தெரிந்த கவுஞ்சிப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.