மேசைமேல் ஒரு மீக்கணினி

ஒருவர் பத்து நாள் நடும் நாற்றைப் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே நாளில் நட்டு முடிப்பர். பெரியதொரு கணக்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பல செயலிகளிடம் ஒரே நேரத்தில் ஒப்படைக்கும் ‘இணைக் கணிப்பு’ முறையும் இத்தகையதே. வானிலையை முன்னறியவும் மருந்து மூலக்கூறுகளை ஆராயவும் இம்முறை துணைநிற்கிறது. ஆனால், இதற்கெனச் செய்யப்பட்ட மீக்கணினிகள் பெரும்பொருள் செலவில் உருவானவை. பெரிய ஆய்வகங்கள் அவற்றை வாங்கின. சிறிய கல்லூரிகளின் மாணவர்களோ அவற்றைப் படத்தில் மட்டுமே கண்டனர்.

இந்நிலையை மாற்றும் வழி 1994ஆம் ஆண்டு பிறந்தது. நாசாவின் காடர்டு விண்வெளிப் பயண மையத்தில் பணியாற்றிய தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர், கடையில் கிடைக்கும் 16 சாதாரணச் செயலிகளை ஈதர்நெட் வடங்களால் இணைத்தனர். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைக் கொண்டு அவற்றை ஒன்றாக உழைக்கச் செய்தனர். பழைய ஆங்கிலக் காப்பிய நாயகனின் பெயரால் அது ‘பேவுல்ஃப்’ எனப்பட்டது.

அவ்வழியை ஒரு சிறிய கல்லூரி மேலும் எளிதாக்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கால்வின் கல்லூரியில், பேராசிரியர் ஜோயல் ஆடம்ஸும் அவர்தம் மாணவர் ஒருவரும் 2007ஆம் ஆண்டு ‘மைக்ரோவுல்ஃப்’ என்னும் கணினியை உருவாக்கினர். நான்கு தாய்ப்பலகைகள், ஒவ்வொன்றிலும் இரு கருக்கள் கொண்ட செயலி. செலவு 2,470 டாலர். வேகமோ, நொடிக்கு ஏறத்தாழ 2,625 கோடிக் கணக்கீடுகள்! அது மேசைமேல் அடங்கியது. சுவரிலுள்ள சாதாரண மின்செருகியே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இச்சிக்கனம் சிந்தனையால் விளைந்தது. நடுபவர் எவ்வளவு விரைந்து நட்டாலும், நாற்றுமுடியை எடுத்துத் தருபவர் தாமதித்தால் நடவு நின்றுவிடும். ஆகவே, செயலியின் வேகத்திற்கு ஈடாக நினைவகமும் இணைப்பும் அமையுமாறு அவர்கள் பொருளைப் பகிர்ந்து செலவிட்டனர். கணினிப் பெட்டிகளைத் தவிர்த்தனர். ஒரு பலகைக்கு மட்டுமே வன்தட்டு பொருத்தினர்.

இதனால் விளைந்த பெரும்பயன் வேகமன்று. பலருக்கும் பொதுவான பெரிய கணினியில் மாணவர் தம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும்; தம் பிழை பிறர் பணியைக் கெடுக்குமோ என்று அஞ்சவும் வேண்டும். தம் வகுப்பிலேயே உள்ள கணினியில் அவ்வச்சம் இல்லை. எட்டுக் கருக்களுக்கு வேலையைப் பகிர்ந்தும் வேகம் எட்டு மடங்காகாதபோது, ‘ஏன்?’ என்னும் வினா எழுகிறது. ஒரு பானைச் சோற்றைப் பத்து அடுப்புகளில் வேகவைக்க இயலாதது போல, பிரிக்க இயலாத பகுதி ஒவ்வொரு கணக்கிலும் உண்டு. அப்பகுதி எதுவெனத் தேடிக் காணும்போதுதான் பாடம் அறிவாகிறது.

நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலாது. வசதி குறைந்த கல்லூரியின் மாணவருக்கும் இறங்கிப் பழக ஒரு குளம் வேண்டும். அது கடலாக இருக்கவேண்டுவதில்லை. கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் போதும்.