அத்தை தைத்த தொடர்கதைகள்

திண்டுக்கல் நாகல் நகர் அத்தை வீட்டுப் பரணில், எந்தக் கடையிலும் கிடைக்காத புத்தகங்கள் இருந்தன. விகடன், கல்கி, குமுதம் என்று வாராவாரம் வந்த இதழ்களில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி வைத்திருப்பாள். கதை முடிகிற இடத்தில் பாதி ஜோக். மறுபக்கம் பல்பொடி விளம்பரம். மாருதியும் ஜெயராஜும் வரைந்த முகங்கள் தையலுக்குள் மடிந்து கிடக்கும்.

கோடை லீவில் திண்ணையில் படுத்து ஒரே மூச்சில் படித்தால் ஆசிரியரின் குட்டு வெளிப்பட்டுவிடும். 'தொடரும்' போடும் இடத்தில் கதாநாயகி வீல் என்று அலறுவாள். அடுத்த பக்கத்தில் பார்த்தால் பூனை. ஒரு வாரம் காத்திருந்து படித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! "பூனையக் காட்டுனா அதுக்கு மேல கிழிக்க மாட்டேன்டா" என்பாள். பாதியில் நின்ற தையல்களும் பரணில் உண்டு.

1997 வாக்கில் சன் டிவியில் மர்ம தேசம் வரிசையின் 'விடாது கருப்பு' வந்தது. எழுதியவர் மதுரை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். வாரம் ஒருமுறைதான். பூட்டுப் பட்டறை அண்ணன்கள் கை கழுவாமலேயே வந்து வாசலில் நின்று பார்ப்பார்கள். "இப்ப நிப்பாட்டுவான் பாரு" என்பாள் அத்தை. உடனே விளம்பரம் வரும்.

அவள் பிடித்து வைத்திருந்த சூட்சுமம் இதுதான். போன வாரம் போட்ட முடிச்சை இந்த வாரம் தொடக்கத்திலேயே அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்த இடத்திலேயே வேறொன்று விழும். அன்றைய ஊர்க்கதை, இன்றைய கதை என்று இரண்டு இழை. ஒன்று சூடு பிடிக்கும்போது மற்றதற்குத் தாவுவார்கள். விளம்பரத்துக்கு முன் சின்ன முடிச்சு, கடைசியில் பெரிசு. குதிரையில் வரும் கருப்பு யார் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நாங்கள் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் கழிவார், இன்னொருவர் சேர்வார். வெறுங்கையோடு எங்களை அனுப்பியதில்லை. பத்திரிகைத் தொடர் எழுதிப் பழகிய கை அல்லவா!

பின்னால் வந்த தினசரித் தொடர்களில் ஒரே முகத்தை மூன்று பக்கமிருந்து காட்டியே பொழுதை ஓட்டினார்கள். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படித் தைத்த கட்டு ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிறகு புத்தகமாக அச்சான பல கதைகளில் அந்த ஓவியங்கள் இல்லை.