கழுகில்லாத கழுக்குன்றம்



மலை ஊர் என்றதும் நம்மில் பலருக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுதான் ஞாபகத்திற்கு வரும். ஸ்வெட்டர் எடுக்கணும், வளைந்து வளைந்து பஸ்ஸில் ஏறணும், நடுவில் வாந்தி வேறு! அத்தனை சிரமம் வேண்டாம். நம் செங்கல்பட்டுச் சீமையிலேயே ஒரு மலை ஊர் இருக்கிறது. எங்கள் சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் வருவது திருக்கழுக்குன்றம். என் அம்மா பிறந்த ஊர்.

குன்றின் உயரம் சுமார் 500 அடிதான். ஆனால் படி ஏறிப் பாருங்கள், முழங்கால் பதில் சொல்லும்! உச்சியில் வேதகிரீஸ்வரர் கோயில். அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரர் கோயில். அதைச் சுற்றித் தேர் ஓடும் வீதிகள், கடைத்தெரு, சற்றுத் தள்ளி சங்கு தீர்த்தம் என்ற பெரிய குளம். இவ்வளவுதான் ஊர். ஆனால் இந்தச் சின்ன ஊரின் வயது என்ன தெரியுமா?

தேவாரம் பாடிய மூவரும், மாணிக்கவாசகரும் பாடிய தலம் இது. மலையிலே பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் உண்டு. மாமல்லபுரத்தில் உளி பிடித்த அதே காலத்துக் கைகள்! இங்குள்ள கல்வெட்டு ஒன்று முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான். வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அதைத் தொடர்ந்தான். இப்போது நானும் தொடர்கிறேன் என்கிறது அது. அரச வம்சமே மாறியும் நிலக்கணக்கு மாறவில்லை. எழுதி வைத்ததால் தப்பியது!

ஊருக்குப் பெயர் தந்தது கழுகு. தினமும் நண்பகலுக்குச் சற்று முன்னே, மலைமேல் ஒரு பாறையில் சர்க்கரைப் பொங்கலோடு ஒருவர் காத்திருப்பார். வானத்திலிருந்து இரண்டு கழுகுகள் வந்து இறங்கும், கொத்தித் தின்னும், பறந்துவிடும். காலையில் கங்கையில் நீராடிவிட்டு இங்கே சாப்பிட வருகின்றன என்று தலபுராணக் கதை. அதனால்தான் இந்த ஊருக்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயர். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள்கூட மலை ஏறி வந்திருக்கிறார்கள். ஒருகல் மண்டபத்துத் தூணிலே தங்கள் பெயரையும் வருஷத்தையும் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பஸ் சீட்டில் பெயர் எழுதும் நம் நண்பர்களுக்கு முன்னோடிகள்!

அந்தக் கழுகுகள் 1990களின் இறுதிக்குப் பிறகு வருவதில்லை.

என் ஆயா சொல்வார்: "அதுங்க ஒருநாள் வரலைன்னா, கூட்டத்துல எவனோ பாவி நிக்கிறான்னு சொல்லுவாங்கப்பா. அவனவன் பக்கத்துல இருக்கறவனப் பாப்பான்!" கேட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்தேன். பறவை வராத ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கைவசம் தயாராக இருந்தது. அப்புறம் யார் கணக்கு எடுப்பார்கள்? வாரத்தில் ஒருநாள் வராமல் இருந்தது மூன்று நாளாகி, ஒற்றைக் கழுகாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனதை யார் குறித்தார்கள்?

விஞ்ஞானம் பார்த்தால் அது கழுகே அல்ல, மஞ்சள்முகப் பாறு. பிணம் தின்னும் பறவை. வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், இறக்கை ஓரம் கறுப்பு. 1990களில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாட்டுக்கு வலி நீங்கப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சாவு. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மஞ்சள்முகப் பாறு 2007 முதல் உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் மலைமேல் யாராவது ஒரு நாற்பது பக்க நோட்டிலே "இன்று இரண்டு, இன்று ஒன்று, இன்று இல்லை" என்று எழுதியிருந்தால், நாடே விழித்துக்கொள்ளும் முன்னே திருக்கழுக்குன்றம் எச்சரிக்கை மணி அடித்திருக்கும்!

இதே ஊரில் இன்னொரு அதிசயம் பாருங்கள். சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். கடைசியாக 2024 மார்ச்சில் வந்தது. கரையெல்லாம் கூட்டம், பேப்பரில் செய்தி, கோயிலில் பத்திரம். 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குக் கணக்கு இருக்கிறது. தினமும் வந்ததற்கு இல்லை! தினமும் வருவது எப்போதும் வரும் என்று நினைத்துவிடுகிறோம்.

இதை ஏன் டிப்ளமோ படிக்கும் நமக்குச் சொல்கிறேன்? சர்வே பிராக்டிகலில் லெவல் புக் எழுதுகிறோம். ரப்பரால் அழிக்கக் கூடாது, தப்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது என்று சார் படித்துப் படித்துச் சொல்கிறார். மார்க்குக்காக எழுதுகிறோம், செமஸ்டர் முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். எங்கள் சிறுசேரியை எடுத்துக்கொள்ளுங்கள். வயலும் ஏரியுமாக இருந்த ஊர். சிப்காட் வந்த பின் கண்ணாடிக் கட்டடங்கள். கிணற்றில் முன்பு எத்தனை அடியில் தண்ணீர் என்று பெரியவர்களைக் கேட்டால், "அப்பல்லாம் கைக்கெட்டுற ஆழந்தான்" என்கிறார்கள். கை எத்தனை அடி? எந்த வருஷம்? எந்த மாசம்? இதை வைத்து எந்த ஆபீசில் மனு கொடுப்பது?

ஆகவே நான் போன ஆனி மாதம் முதல் எங்கள் தெருக் கிணற்றில் கயிறு விட்டு, மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதி வருகிறேன். "இவனுக்கு வேற வேல இல்ல" என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! நண்பர்களே, உங்கள் ஊரிலும் தினமும் வந்துபோகும் ஏதோ ஒன்று இருக்கும். ஏரியில் இறங்கும் கொக்கு, கால்வாய்த் தண்ணீர், காலையில் வரும் ஒரே ஒரு பஸ். அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நாம் வாங்கப்போகும் டிப்ளமோ நமக்கு வேலை தரும். அந்த நோட்டு நம் ஊருக்கு ஒரு சாட்சி தரும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு