இடப்பக்கத் தடமும் விடுபட்ட கடவையும்

ஐதராபாத்தின் நாற்சந்தி ஒன்றில், மாலை ஐந்து மணிக்கு, போக்குவரத்துத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் குறிப்பேட்டுடன் நின்றிருந்தார். அச்சந்திப்பின் இடப்பக்கத் திருப்பத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் எப்படிக் குறிப்பது என்பதில், அவருக்கும் முகமறியாத தன்னார்வலர் ஒருவருக்கும் ஒரு வாரமாகக் கருத்து வேறுபாடு. அவர் வரைந்ததை இவர் மாற்றுவார். இவர் மாற்றியதை அவர் மீட்பார். செயற்கைக்கோள் படத்தில் அவ்விடத்தை மரநிழல் மறைத்திருந்தமையால், நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவ்வரைபடத்தில் சாலை என்பது ஒரு கோடு. அதில் எத்தனை தடங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எத்திசைக்கு உரியது என்பவை அக்கோட்டின் பண்புகளாக எழுதப்படும். பயணத் திசையை நோக்கி நின்று இடமிருந்து வலமாக எண்ண வேண்டும்: 'இடம், நேர், நேர்' என்பதுபோல. தரையில் அம்புக்குறி மட்டும் இருந்தால் பண்பே போதும்; விளிம்புக்கல்லோ திட்டோ பிரித்திருந்தால்தான் தனிக்கோடு வரையலாம் என்பது பொது வழக்கு. மாணவி பண்பே போதும் என்றார். மற்றவர் தனிக்கோடு வேண்டும் என்றார்.

வெளிப்பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாட்டின் விளைவு சிறிதன்று. பல வழித்தேடல் நிரல்கள் சிக்னல் புள்ளியைக் கடக்கும் பாதைக்குச் சில நொடிகளைக் கூட்டிக் கணக்கிடும். தனிக்கோடு அந்தப் புள்ளியைத் தொடாமலே விலகிச் செல்வதால், இடப்பக்கம் திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பே இல்லை என்று நிரல் கொள்ளும். வண்டி எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதைப் பெரும்பாலும் கைப்பேசி அறியாது. திறந்த வானத்தின் கீழும் கைப்பேசியின் ஜிபிஎஸ் துல்லியம் ஏறத்தாழ 4.9 மீட்டர், நகரச் சாலைத் தடத்தின் வழக்கமான அகலமோ 3.5 மீட்டர். ஆகவே 'இடப்பக்கத் தடத்தில் செல்லவும்' என்னும் குரல் எவரோ வரைந்து வைத்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது.

நேரில் கண்டபோது மற்றவர் சொன்னதே சரியாக இருந்தது. மண்ணில் பாதி புதைந்த விளிம்புக்கல்லுடன் முக்கோணத் திட்டு ஒன்று இருந்தது. அதற்கும் நடைபாதைக்கும் இடையே, ஊரார் 'ஃப்ரீ லெஃப்ட்' என்றழைக்கும் கிளைச்சாலை வளைந்து சென்றது. தன் பிழையைக் குறித்துக்கொண்டு திரும்ப முற்பட்டவரின் கண்ணில், திட்டின் மேல் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் பட்டார். கையில் காய்கறிப் பை. பெருஞ்சாலையைச் சிக்னலின் துணையோடு கடந்துவிட்டார். எஞ்சியிருந்தது இந்த ஒற்றைத் தடம் மட்டுமே. அதில் வண்டிகளுக்குச் சிவப்பு விளக்கு இல்லை. இரண்டு முறை கால் வைத்து இரண்டு முறையும் பின்வாங்கினார். தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றவர், "இங்கே வண்டி நிற்காதம்மா, நாம்தான் நிற்க வேண்டும்" என்று தெலுங்கில் மாணவியிடம் சொன்னார். பிறகு தாமே இறங்கிக் கைகாட்டி வண்டிகளை நிறுத்தி, மூதாட்டியை இப்புறம் சேர்த்தார்.

ஒரு வாரம் நீடித்த வாதத்தில் இருவரும் தடத்தைப் பற்றியே பேசியிருந்தனர். அதைக் குறுக்கே கடப்பவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருவரின் வரைவிலும் கடவைப் புள்ளி இடம்பெறவில்லை.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் பாதசாரிகள் 32,825 பேர். இது இடப்பக்கத் திருப்பங்களுக்கென்று பிரித்துத் தரப்பட்ட எண் அன்று. ஆயினும், நடப்போரை விட்டுவிட்டுச் சாலையை வரைவது எத்தகைய நாட்டில் நிகழ்கிறது என்பதை உணர்த்த அது போதும்.

அன்றிரவு மாணவி தனிக்கோட்டை ஏற்றுக்கொண்டார். அம்புக்குறி தெளிவாகத் தெரிந்த இடம் வரை தடப் பண்புகளை எழுதினார். நடைபாதையிலிருந்து திட்டுக்கு ஒரு கோடு இழுத்து, அது கிளைச்சாலையை வெட்டும் இடத்தில் கடவைப் புள்ளியிட்டார். தரையில் வெள்ளைக் கோடுகள் இல்லாமையால் 'குறியிடப்படாத கடவை' என்று நேர்மையாகக் குறித்தார். மாற்றக் குறிப்பில், "தனிக்கோடு பற்றி நீங்கள் சொன்னது சரி. நாம் இருவரும் விட்டதைச் சேர்த்திருக்கிறேன்" என்று எழுதினார்.

அந்தப் புள்ளி எந்த வண்டியையும் நிறுத்தப்போவதில்லை. ஆனால் திறந்த வரைபடத் தரவை இறக்கி, ஒரு நகரில் எத்தனை கடவைகள் உள்ளன என்று எண்ணும் ஆய்வுகளில், வரையப்படாத கடவை பூச்சியமாகவே சேரும். எண்ணுபவர் அந்தப் பூச்சியத்தை 'இங்கு எவரும் கடப்பதில்லை' என்று வாசித்துவிடக்கூடும். 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், ஒரு மீட்டரினும் நுண்ணிய வரைபடங்களை உருவாக்க இந்திய நிறுவனங்களுக்கு வழிதிறந்தன. தடங்கள் இனி மேலும் துல்லியமாகும். அத்துல்லியத்தைப் பயன்படுத்தும் ஆய்வாளர் தம் அட்டவணையில் காணும் ஒவ்வொரு பூச்சியத்திடமும் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: அங்கே எவரும் இல்லையா, அல்லது எவரும் சென்று பார்க்கவில்லையா?