வேதாளத்துக்கு வந்த வினை

போன பொங்கலுக்குக் கம்பத்தில் எனக்கு வேதாள உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. ரெண்டு அதிரசம்.

காரணம், சென்னை ஆபீஸில் பக்கத்து சீட் பையன். சனிக்கிழமை ராத்திரியானால் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடப் போய்விடுவான். 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஓடுகிறேன்' என்று வாயாலேயே ஆட வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

"இதுக்கு நம்ம அம்புலிமாமா விக்கிரமாதித்தன் போதுமே தம்பி" என்று வாயை விட்டேன்.

"செஞ்சு காட்டுங்க சார்" என்றான்.

இருபது முகப் பகடைக்குக் கம்பத்தில் எங்கே போவது? அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. தாயம் விழுந்தால் முருங்கை மரம் ஏறலாம். பன்னிரண்டு விழுந்தால் பேய்கள் வழிவிடும். மயானத்தைச் சுருளி அருவிப் பக்கம் மாற்றினேன். முனிவரை மேகமலைக்கு அனுப்பினேன். தோளில் பிணம், கையில் வாளுடன் ராஜா நடக்கும் படம் ஞாபகமிருக்கிறதா? 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர் வரைந்தது. பரணில் கிடந்த பழைய இதழை எடுத்து நடுவில் வைத்தேன். என் மகன், அண்ணனின் மகன், மகள் என்று மூன்று விக்கிரமாதித்தர்கள். (மந்திரி வேலைக்கு யாரும் சம்மதிக்கவில்லை.)

கதையில் உள்ள விதியேதான். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரம் ஏறிவிடும். முதல் கேள்வி கேட்டேன்.

"தெரியாது சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள். எட்டாவது படிக்கிறாள்.

இரண்டாவது கேள்விக்கும் தெரியாது. மூன்றாவதுக்கும் தெரியாது. பத்தே நிமிஷத்தில் பிணம் முனிவரிடம் போய்ச் சேர்ந்து ஆட்டம் குளோஸ்! அவளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. மூலக்கதையிலேயே கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கு விடை தெரியாததால்தானே வேதாளம் வசமாகிறது?

விதியைத் திருத்தினேன். 'தெரியாது' என்றால் மற்ற இருவரும் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் தலை வெடித்து அவுட். அப்படியானால் கேள்வியும் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டுமே! ராஜகுமாரியும் மூன்று மாப்பிள்ளைகளும் இனி உதவமாட்டார்கள். வாய்க்கு வந்ததை ஆரம்பித்தேன்.

"ஒரு ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அப்பா ஒரு திராட்சைத் தோட்டமும் கிணறும் விட்டுட்டுப் போனாரு..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். திண்ணையில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிணற்றுப் பங்கு விவகாரத்தில் நாங்கள் பேசி ரெண்டு வருஷமாகிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சந்தோஷத்தைக்கூட அம்மா வழியாகத்தான் பகிர்ந்துகொண்டோம்.

பிள்ளைகள் விட்டால்தானே? "அப்புறம்?"

"அண்ணன் தோட்டமே கதின்னு கிடந்து தண்ணி பாய்ச்சுனவரு. தம்பி பட்டணத்துல சம்பளம் வாங்குறவன். கிணத்துல பாதி எனக்குன்னு தம்பி கேட்டான். தப்பு யார் மேல? தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிரும்..."

மூன்று ராஜாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதுப்பா" என்றான் என் மகன், தரையைப் பார்த்தபடி. மற்ற இருவரும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் 'அவுட்' என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

திண்ணையில் பேப்பர் மடிக்கும் சத்தம்.

"பாதி கேட்டதுல தப்பே இல்ல" என்றார் அண்ணன். "அதைக் கேக்குறதுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டான் பாரு... அதான் தப்பு."

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மகன்தான் எழுந்து குதித்தான். "பெரியப்பா பேசிட்டாரு! வேதாளம் மரம் ஏறிடுச்சு! திரும்ப மொதல்லேர்ந்து!"

அண்ணன் உள்ளே வந்து எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாயக்கட்டையை எடுத்து உள்ளங்கையில் உரசினார்.

"எத்தனை விழுந்தாடா மரம் ஏறணும்?"

"தாயம்ணே" என்றேன்.