மலையேறிய பாட்டி

காரவள்ளியில் பஸ் நின்றதும் பக்கத்து சீட் அக்கா பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் அம்மாவிடம் நீட்டினார். "முகந்துக்கிட்டே வாங்கம்மா. எழுபது வளைவு இருக்கு, பாதியிலேயே தலை சுத்தும்."

அம்மாவுக்குத் தலை சுற்றவில்லை. எனக்குத்தான் சுற்றியது.

கொல்லிமலை என்றால் நம்மில் பலருக்கு ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் வல்வில் ஓரியும்தான் ஞாபகத்துக்கு வரும். மிளகு, அன்னாசி, மலைவாழை வாங்க சோளக்காடு சந்தைக்குப் போகிறவர்களும் உண்டு. நாங்கள் போனது இரண்டு கல்லறைகளைப் பார்க்க. வாழவந்தி நாட்டில் அருகருகே இருக்கின்றன. ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின் பிராண்ட்.

அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். 'சம்பளம் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போகிறேன்' என்று ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார். 'வயசாயிடுச்சும்மா, ரெஸ்ட் எடுங்க' என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு மாதிரி அமைதி. அப்போதுதான் இந்தப் பாட்டியின் கதையைச் சொன்னேன். "அந்த இடத்தைப் பார்க்கணும்" என்றார்.

ஈவ்லின் 1879-ல் பிறந்த லண்டன்காரர், வசதியான வீட்டுப் பெண். ஓவியம் வரைவார். முப்பது வயதைக் கடந்த பிறகு பாப்டிஸ்ட் மிஷனரியாக நம் ஊர்ப்பக்கம் வந்தார். அவருக்கு முன்பே, 1907-ல் வந்திருந்தவர் ஜெஸ்ஸி. 1913-ல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம். பிறகு குடித்தனம் மலைமேல். ரோடு கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் டோலியில் தூக்கிப் போக வேண்டும். மலைக் காய்ச்சல் என்ற மலேரியாவுக்குப் பயந்து கீழே உள்ளவர்கள் மேலே போகத் தயங்கிய காலம்.

அங்கே அவர்கள் முதலில் செய்தது பிரசங்கத்தைவிட வைத்தியம்தான். பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, முக்கியமாக நரம்புச் சிலந்தி. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் உள்ள நுண்ணிய தெள்ளுப்பூச்சி வழியாக அந்தப் புழு உடம்புக்குள் போய், சுமார் ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளமாக உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், புண் சீழ் பிடிக்கும். புண்ணோடு யாராவது படிக்கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் மறுபடி தண்ணீருக்குள் போகும். அதனால் கால் படாதபடி கிணற்றுக்குச் சுவர் கட்டு, தண்ணீரை வடிகட்டிக் குடி என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். (2000-ம் ஆண்டில்தான் இந்த நோய் இந்தியாவை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.)

முதல் சில வருடங்கள் மதம் மாற ஒருவரும் முன்வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். முதல் உலகப்போர் முடிகிற சமயம் விஷக்காய்ச்சல் பரவியபோது அவரும் படுத்துவிட்டார். மற்றவர்கள் கிட்ட வரப் பயந்தபோது பிராண்ட் தம்பதிதான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். வாதாடி ஜெயிக்க முடியாத இடத்தில் ஒரு குவளைக் கஞ்சி ஜெயித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் போய்விட்டார்.  படிப்புக்காக லண்டனில் இருந்த மகன் பாலுக்கு முதலில் தந்திதான் கிடைத்தது. கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்து சேர்ந்தன. அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

கணவர் போன பிறகு ஈவ்லினை மிஷன் சமவெளியில் வேலை பார்க்கச் சொன்னது. பார்த்தார். ஆனால் மனசு மேலேயே இருந்தது. கொல்லிமலை மட்டுமல்லாமல் பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று சுற்றியுள்ள ஐந்து மலைகளுக்கும் போவோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

68 வயது வந்ததும் மிஷன், 'போதும், ஊருக்குத் திரும்புங்கள்' என்றது. பாட்டி சண்டை போடவில்லை. இன்னும் ஒரே ஒரு வருடம் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினார். அந்த வருடத்தில் சத்தமில்லாமல் மலைமேல் ஒரு சின்ன வீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் கண் கலங்க நிற்கும்போது, 'மிஷன் வேலையிலிருந்துதான் ஓய்வு, நான் மலைக்குப் போகிறேன்' என்று போட்டு உடைத்தார். இந்த இடத்தில் அம்மா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு.

சம்பளமில்லை, பதவியில்லை, மேலே அதிகாரியும் இல்லை. மட்டக்குதிரையில் மலை மலையாகப் போனார். கீழே விழுந்து எலும்பு முறிந்தது. அப்புறம் இரண்டு கையிலும் மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. சுருக்கங்களை எண்ண நேரமில்லை போலிருக்கிறது. மகன் டாக்டராக வந்து, ஊர் திரும்பச் சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில்தான் ஓய்ந்தார். சவப்பெட்டிக்கு மரத்தை வீணாக்காதீர்கள் என்றவரைத் துணியில் சுற்றி, ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய மதப் பணியைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் உண்டு. கல்லறைக்கு முன்னால் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

அம்மா வெகுநேரம் நின்றார். திரும்பி நடக்கும்போது எதிரில் வந்த பெரியவரின் காலில் அழுக்குத் துணிக்கட்டு. "எத்தனை நாளா இருக்குங்கய்யா? சுகர் இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை என்னிடமிருந்து பிடுங்கி, கழுவி, தன் கைப்பையில் இருந்த துணியைக் கிழித்துக் கட்டினார்.

"ஆறுறதுக்கு நாளாகும். திரும்பப் பார்க்கணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாமக்கல்ல இருந்து காலைல முதல் பஸ் எத்தனை மணிக்குடா?"