அட்டெண்டர் அண்ணனும் 64 ஜி.பி.யும்

மாதச் சம்பளக்காரனுக்கு எல்லாமே 'இதுவா, அதுவா?'தான். பைக்குக்கு டயரா, பல்லுக்கு ரூட் கனாலா? இரண்டும் என்றால் பர்ஸ் ஒத்துக்கொள்ளாது. 2012-ல் எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் நவீனமானது. ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாகச் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிக் 'கேஷ்' ஆக வைப்பதா? இல்லை, இன்னும் கொஞ்சம் காசு போட்டுப் பெரிசாக வாங்கி, விண்டோஸையே அதில் குடியேற்றுவதா?

கேஷ் என்றால் ரொக்கம் இல்லை. அது இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது! இது, 'ஒளித்து வை' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த கேஷ்.

பகலில் ஆபீஸ். ராத்திரி கல்யாண ஆல்பம் டிசைன் செய்வேன். தம்பியின் ஹாஸ்டல் ஃபீஸ் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்து, காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் விண்டோஸ் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை செய்கிறவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் தூக்கத்தில் பிடித்தம்.

பாவம், டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. நிமிஷத்துக்கு 7,200 சுற்று, அதாவது செகண்டுக்கு 120. வேண்டிய இடம் முள்ளுக்கு நேராக வர, சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். அதுவே 4 மில்லி செகண்ட். முள் நகருகிற நேரம் தனி. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் இந்தக் காத்திருப்பும் ஆயிரக்கணக்கில் சேரும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கே ஒன்றும் கிடையாது. 1 மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

சரி, கேஷ் எப்படி வேலை செய்கிறது? எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் அண்ணனைப் பார்த்தால் போதும். மேனேஜர் எந்த ஃபைலை அடிக்கடி கேட்கிறார் என்று கவனித்து வைத்து, அதன் நகலைத் தன் மேஜையிலேயே அடுக்கி வைத்திருப்பார். மேனேஜர் மணி அடித்து முடிப்பதற்குள் ஃபைல் உள்ளே போயிருக்கும். புதிதாக ஒன்று கேட்டால்தான் ரெக்கார்டு ரூமுக்கு நடக்க வேண்டும். ஒருநாள் மேனேஜர் மாற்றலாகிப் போனார். புதியவர் கேட்டதெல்லாம் வேறு ஃபைல்கள். அண்ணனின் வேகம் ஒரு மாசத்துக்குக் காணாமல் போயிற்று!

2011-ல் இன்டெல் தன் இஸட்68 சிப்செட்டோடு கொண்டுவந்த 'ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ்' இதே அட்டெண்டர்தான். அதிகபட்சம் 64 ஜி.பி. வரை கேஷாக எடுத்துக்கொள்ளும். என் போர்டில் அந்த வசதி இருந்தது.

ரிச்சி தெருவில் கடைக்காரர் சொன்னார்: "64 போதும் ஸார். எதை எங்க வைக்கணும்னு நீங்க மண்டையை உடைச்சுக்க வேணாம். அதுவே பாத்துக்கும்."

அவர் சொன்னது நியாயம்தான். தினமும் அதே நாலு புரோகிராமைத் திறக்கிறவர்களுக்கு, வீட்டில் எல்லோரும் கைவைக்கும் கம்ப்யூட்டருக்கு, கேஷ் சௌகரியம். என் கதை வேறு. போட்டோஷாப் தினமும் அதேதான், ஆனால் வாராவாரம் புது மாப்பிள்ளை, புதுப் பெண். நேற்றுப் பார்க்காத போட்டோவை எந்த அட்டெண்டர் மேஜையில் எடுத்து வைத்திருப்பார்?

இன்னொன்றும் உறுத்தியது. அதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், எழுதுவதெல்லாம் எஸ்.எஸ்.டி., டிஸ்க் இரண்டிலும் ஒரே சமயத்தில் பதியும். பத்திரம்தான், ஆனால் எழுதும்போது டிஸ்க்கின் வேகம்தான். மற்றதில், முதலில் எஸ்.எஸ்.டி.யில் எழுதிவிட்டு டிஸ்க்குக்கு அப்புறம் அனுப்பும். வேகம்! ஆனால் நடுவில் எஸ்.எஸ்.டி. படுத்துவிட்டால், போய்ச் சேராதது போனதுதான். ஊரார் கல்யாண போட்டோ அது. மறுபடி தாலி கட்டுங்கள் என்று கேட்க முடியுமா?

ஆக, 128 ஜி.பி.தான் வேண்டும். ஆனால் கையில் இருந்தது 64-க்கான பணம். மீதி, தம்பியின் ஃபீஸுக்கு எடுத்து வைத்த கவரில் இருந்தது. போனில் அவனிடம் சொன்னேன்.

"20-ந் தேதி வரைக்கும் டைம் இருக்குண்ணே. நீ நல்லதா வாங்கு. அதுக்குள்ள ஒரு ஆல்பம் முடிச்சிட மாட்டியா?" என்றான்.

முடித்தேன். 18-ந் தேதி பணம் வந்தது, ஃபீஸ் கட்டியாயிற்று. விண்டோஸ், போட்டோஷாப், அந்த வாரத்து ஆல்பம் மூன்றும் எஸ்.எஸ்.டி.யில். முடிந்த ஆல்பங்கள் பழைய டிஸ்க்கில். அதற்கொரு நகல் வெளி டிஸ்க்கில். ஞாயிற்றுக்கிழமை காலை எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று அரை மணி வேலை. அட்டெண்டர் இல்லாத ஆபீஸில் நாமேதான் ஃபைல் தூக்க வேண்டும்!

கேஷ் அதற்குப் பிறகும் விடவில்லை. 2017-ல் இன்டெல்லே 16, 32 ஜி.பி. அளவில் 'ஆப்டேன் மெமரி' என்று விற்றது. 2022-ல் ஆப்டேன் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. முழு எஸ்.எஸ்.டி.யே சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்ட பிறகு அட்டெண்டருக்கு என்ன வேலை?

ஆனாலும் பழைய மெஷினைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறோம். கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு படி பெரிசாகவே வாங்குங்கள். விண்டோஸை அதில் போடுங்கள். பழைய டிஸ்க்கைப் பரணாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானதற்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

"நம்ம கல்யாண போட்டோவெல்லாம் எங்கே?" என்று வீட்டில் திடீரென்று கேட்டால், முழிக்காமல் பதில் சொல்ல முடியவேண்டும். அந்த நேரத்தில் அட்டெண்டரைக் கைகாட்டினால் நடக்காது ஸார்!